நகை பேக்கிங் பொருட்களில் ஒன்று குவிகிறது, இன்னொன்று தீர்ந்துபோகிறது: இருப்பை எப்படி நிர்வகிப்பது?

கேள்வி – புதுப்பட்டறை

வணக்கம். வெள்ளி நகைகளையும் தங்க முலாம் பூசிய நகைகளையும், குறைந்த அளவில் முத்து வேலைப்பாடுகளையும் இணையம் வழியாக விற்று வருகிறேன். நகைகளின் இருப்பில் எனக்குக் குழப்பம் எதுவும் இல்லை. ஒவ்வொரு நகைக்கும் ஓர் எண் உண்டு. எடை குறித்து வைக்கப்பட்டிருக்கிறது. குறிப்பிட்ட இடைவெளியில் எண்ணிச் சரிபார்க்கிறோம். குழப்பமெல்லாம் அவற்றை வைத்து அனுப்பும் பெட்டி, சுருக்குப் பை, ஸ்பாஞ்ச், வாழ்த்தட்டை, டேப் ஆகியவற்றில்தான்.

மோதிரப் பெட்டி அலமாரி நிறைய இருக்கும்போது அதற்குள் பொருத்தும் ஸ்பாஞ்ச் தீர்ந்துவிடுகிறது. ஸ்பாஞ்ச் வந்து சேரும்போது வெளிப்பெட்டி இல்லை. அவசரத்துக்குப் பக்கத்துக் கடையில் சில்லறை விலைக்கு வாங்கி அனுப்பினால், அளவு பொருந்தாமல் நகை உள்ளே ஆடுகிறது. மொத்தமாக வாங்கிவிடலாம் என்றால் பெட்டி செய்பவர்கள் சொல்லும் குறைந்தபட்ச எண்ணிக்கை எங்கள் விற்பனைக்கு மிக அதிகம்; வாங்கினாலும் அடுக்கி வைக்க இடமில்லை. விற்பனை உச்சத்தில் இருக்கும் மாதங்களில் நகை தயாராக இருந்தும் பெட்டி இல்லாததால் அனுப்ப முடியாத நிலை ஏற்படுகிறது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நன்றாக மெருகேற்றி, கறுப்பு நிறத் துணிப் பையில் போட்டு, பெட்டியில் மூடி வைத்த வெள்ளிக் காதணிகள் சில, விற்பனைக்கு எடுக்கும்போது கறுத்திருந்தன. காற்றுப் படாமல் மூடி வைத்த நகை, திறந்து வைத்திருந்த நகையைவிட வேகமாகக் கறுப்பது எப்படி என்று புரியவில்லை.

ஆகவே, இந்தப் பொருட்களை எந்த முறையில் கணக்கு வைப்பது, எப்போது, எவ்வளவு வாங்குவது, எப்படிச் சேமிப்பது என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். பெரிய மென்பொருள் எதுவும் எங்களிடம் இல்லை. எக்செல் மட்டும் தெரியும்.

பதில் – இருப்புக்கணக்கர்

வணக்கம். பெட்டி இருக்கிறது, ஸ்பாஞ்ச் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்குப் பார்ப்பவன் என்ற முறையில் நான் அதை, பெட்டியே இல்லை என்றுதான் படிப்பேன். தனித்தனிப் பொருளாக எண்ணிக்கொண்டிருக்கும் வரை இந்தத் தொல்லை தீராது. வாடிக்கையாளருக்குப் போய்ச் சேருவது ஒரு தொகுதி. கணக்கும் தொகுதியில்தான் இருக்க வேண்டும்.

எக்செல்லில் ஒரு தாளைத் திறந்து, இடப்பக்கம் உங்கள் நகை வகைகளை எழுதுங்கள்: மோதிரம், காதணி, பதக்கத்துடன் கூடிய சங்கிலி, வளையல், முத்து மாலை. மேல் வரிசையில் பேக்கிங் பொருட்களை எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த நகை ஒன்றை அனுப்ப அந்தப் பொருள் எத்தனை தேவை என்பதைக் குறியுங்கள். மோதிரத்துக்கு உள்பெட்டி 1, ஸ்பாஞ்ச் 1, ஜிப் பை 1, பராமரிப்புக் குறிப்பு அட்டை 1, வெளிப்பெட்டி 1, முத்திரை ஸ்டிக்கர் 2 என்று வரும். டேப்பை எண்ணிக்கையில் போடாமல் மீட்டரில் போடுங்கள். ஒரு பெட்டியை ஒட்டி முடித்து அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். இந்த அட்டவணை ஒருமுறை தயாராகிவிட்டால், கையிருப்பில் உள்ள ஒவ்வொரு பொருளையும் கொண்டு எத்தனை மோதிரங்களை அனுப்ப முடியும் என்பதை எக்செல்லே வகுத்துச் சொல்லும். அவற்றில் மிகச் சிறிய எண் எதுவோ, அதுவே உங்கள் உண்மையான இருப்பு. பெட்டி 900, ஸ்பாஞ்ச் 40 என்றால் உங்களிடம் இருப்பது 40.

அடுத்தது, எப்போது வாங்குவது என்பது. அலமாரி காலியாகத் தெரியும்போது வாங்குவது என்ற பழக்கத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மறுகொள்முதல் எண்ணை நிர்ணயிக்க வேண்டும். ஒரு நாளில் சராசரியாக 12 பெட்டிகள் செலவாகின்றன, சொல்லி வைத்தால் வந்து சேர 20 நாட்கள் ஆகின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்த இடைவெளிக்கு 240 பெட்டிகள் போதும் என்று தோன்றும். ஆனால் விற்பனை கூடும் காலத்தில் நாளொன்றுக்கு 18 போகலாம்; அச்சகத்தில் வேலை நெருக்கடி இருந்தால் 28 நாட்கள் ஆகலாம். இரண்டும் ஒரே நேரத்தில் நேர்ந்தால் தேவை 504. ஆகவே கையிருப்பு 504-ஐத் தொடும்போதே சொல்லிவிட வேண்டும். அதில் 240 வழக்கமான தேவைக்கு, மீதி 264 பாதுகாப்பு இருப்பு. வந்து சேரும் காலத்தைக் கணக்கிடும்போது, அச்சகத்தார் வேலை தொடங்கும் நாளிலிருந்து எண்ணாதீர்கள். மாதிரி வந்து, நிறம் சரியில்லை என்று திருப்பி அனுப்பி, மறு மாதிரிக்கு ஒப்புதல் தரும் நாட்களும் அதில் அடங்கும். பெரும்பாலான தாமதம் அந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

இதைத் தினமும் எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை. 504 பெட்டிகளைத் தனியே ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, டேப் ஒட்டி, மேலே எதை, யாரிடம், எவ்வளவு வாங்க வேண்டும் என்று எழுதிய சீட்டை ஒட்டிவிடுங்கள். வெளியே இருப்பவை தீர்ந்து அந்த டேப்பைக் கிழிக்கும் நாள்தான் ஆர்டர் கொடுக்கும் நாள். கிழிப்பவர் சீட்டை எடுத்து உங்கள் மேசையில் வைத்தால் போதும். புதிதாக வந்தவற்றை முதலில் அந்த ஒதுக்கீட்டில் நிரப்பி, பழையவற்றை வெளியே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒதுக்கி வைத்தவை அப்படியே பழசாகிவிடும்.

ஜிப் பை, அட்டை, ஸ்டிக்கர் போன்ற சின்னப் பொருட்களை விரல் விட்டு எண்ணுவது வீண் வேலை. நகைத் தொழிலில் தராசுக்குப் பஞ்சமில்லை அல்லவா? 100 பைகளின் எடையைக் குறித்து வைத்துக்கொண்டு, மொத்தக் கட்டையும் நிறுத்து வகுத்துவிடுங்கள். மடித்து அடுக்கிய வெளிப்பெட்டிகளுக்கு அடுக்கின் உயரத்தை அளந்தாலே போதுமானது.

எவ்வளவு வாங்குவது என்பதற்கு ஃபோர்ட் ஹாரிஸ் என்பவர் 1913-இல் வகுத்த சூத்திரம் இன்றும் பயன்படுகிறது. ஆண்டுத் தேவையை, ஒருமுறை ஆர்டர் கொடுக்க ஆகும் செலவால் பெருக்கி, அதை இரட்டித்து, ஒரு பெட்டியை ஓராண்டு வைத்திருக்க ஆகும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் காண வேண்டும். ஆண்டுக்கு 4,000 பெட்டிகள் தேவை என்றும், ஒருமுறை ஆர்டர் கொடுத்து வரவழைக்கும் செலவு ஒரு பெட்டியை ஓராண்டு வைத்திருக்கும் செலவைப் போல 50 மடங்கு என்றும் கொண்டால், விடை ஏறத்தாழ 632 வரும். இதில் ஆறுதலான செய்தி என்னவென்றால், 632-க்குப் பதிலாக 900 வாங்கினாலும் ஆர்டர் செலவும் இருப்புச் செலவும் சேர்ந்த தொகை சுமார் 6 விழுக்காடுதான் கூடும். ஆகவே விற்பவர் சொல்லும் குறைந்தபட்ச எண்ணிக்கை சற்றுக் கூடுதலாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம். பல மடங்கு கூடுதலாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று. கண்காட்சிக்கு எடுத்துச் சென்றவை, தெரிந்தவர்களுக்குச் சும்மா கொடுத்தவை, திரும்பி வந்த பார்சலில் நசுங்கியவை ஆகியவற்றை யாரும் எழுதி வைப்பதில்லை. விற்பனைக் கணக்கும் பெட்டிக் கணக்கும் ஒத்துப்போகாததற்குக் காரணம் பெரும்பாலும் இவைதான். அலமாரிக் கதவிலேயே ஒரு தாளும் பேனாவும் தொங்கட்டும்.

பதில் – உலோகவேலை

இருப்புக்கணக்கர் ஐயா சொன்ன கணக்கில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அவர் எல்லாப் பொருளையும் வயதாகாத பொருளாகக் கருதுகிறார். நகைக்கு அருகே இருக்கும் பொருட்களுக்கு அது பொருந்தாது. நான் வெள்ளி வேலை செய்பவன் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

மூடி வைத்த காதணி ஏன் கறுத்தது என்று கேட்டிருந்தீர்கள். வெள்ளியைக் கறுக்கச் செய்வது முதன்மையாகக் கந்தகம்தான். காற்றில் மிக நுண்ணிய அளவில் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு என்ற கருநிறப் படலமாகிறது. ஈரப்பதம் அதை விரைவுபடுத்துகிறது. 92.5 விழுக்காடு வெள்ளியில் மீதி 7.5 விழுக்காடு பெரும்பாலும் செம்பு என்பதால், அதுவும் தன் பங்குக்கு நிறம் மாறும். கந்தகம் வெளியிலிருந்து வந்தால் மூடி வைப்பது பாதுகாப்பு. கந்தகம் பைக்குள்ளேயே இருந்தால், மூடி வைப்பது வெள்ளியை அதனோடு சேர்த்து அடைத்து வைப்பதாகிவிடுகிறது. கறுப்புப் பருத்தித் துணிக்குப் பெருமளவில் பயன்படும் சாயங்களில் கந்தகச் சாயமும் ஒன்று. அதனால் உங்கள் கறுப்புப் பையைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். கம்பளியிலும் கந்தகம் இயல்பாகவே உண்டு, ஆகவே கம்பளி ஃபெல்ட் விரித்த தட்டுகள் வெள்ளிக்கு ஆகாது. கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர் இன்னும் மோசம். நகை அட்டைகளைக் கட்டாகச் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்தால், பேண்ட் பட்ட இடத்தில் நேர்க்கோடாகக் கறுத்திருப்பதைப் பார்க்கலாம். மலிவான அட்டைகளும் சில பசைகளும்கூட இதையே செய்யும்.

சந்தேகப்படும் பொருளைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஆண்ட்ரூ ஆடி என்பவர் 1973-இல் உருவாக்கிய சோதனை அருங்காட்சியகங்களில் இன்றும் வழக்கத்தில் உள்ளது. காட்சிப் பெட்டிக்குள் பயன்படுத்த நினைக்கும் துணி, மரம், பசை எதுவானாலும், அதன் துண்டை வெள்ளி, செம்பு, ஈயம் ஆகியவற்றின் தகடுகளோடு சேர்த்து, ஈரப்பதம் நிறைந்த மூடிய கண்ணாடிக் குழாயில் 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 28 நாட்கள் வைத்து, தகடுகள் நிறம் மாறுகின்றனவா என்று பார்ப்பார்கள். நம் பட்டறையில் அவ்வளவு துல்லியம் வேண்டாம். மெருகேற்றிய இரண்டு வெள்ளிக் கம்பித் துண்டுகளை இரண்டு சுத்தமான கண்ணாடிக் குப்பிகளில் தனித்தனியே போடுங்கள். இரண்டிலும் ஈரப் பஞ்சு வைத்த சின்ன மூடி ஒன்றை வையுங்கள். ஒன்றில் மட்டும் பைத் துணியின் துண்டைச் சேருங்கள். துணி கம்பியைத் தொட வேண்டாம். இரண்டையும் இறுக மூடி வெதுவெதுப்பான இடத்தில் சில வாரங்கள் வைத்துவிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். குப்பியின் மூடிக்குள் ரப்பர் வளையம் இருந்தால் அதை நீக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு கம்பிகளும் கறுத்து, சோதனைக்கே பொருளில்லாமல் போகும். புதிய விற்பனையாளரிடமிருந்து பை வாங்கும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யலாம். ஒரே நிறம், ஒரே துணி என்று சொல்லித் தந்தாலும் சாயம் மாறியிருக்கக்கூடும்.

ஜிப் பை வாங்கும்போது பாலித்தீன் என்று கேட்டு வாங்குங்கள். பி.வி.சி. பைகள் நல்ல பளபளப்பாக இருக்கும், ஆனால் நாளடைவில் அவற்றிலிருந்து கசியும் மென்மையூட்டிகள் நகையின் மேல் பிசுபிசுப்பாகப் படியும். சிதையும்போது வெளிவரும் குளோரைடும் உலோகத்துக்குக் கேடு. கறுக்காமல் தடுக்கும் காகிதப் பட்டைகளைப் பைக்குள் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடினால் நல்ல பயன் தெரியும். ஆனால் அந்தப் பட்டைகள் கட்டைப் பிரித்த நேரத்திலிருந்தே காற்றிலுள்ள கந்தகத்தை உறிஞ்சத் தொடங்கிவிடும். அவற்றை மேசை மேல் திறந்து வைத்திருக்கும் பட்டறைகளைப் பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளருக்குப் போகும் முன்பே அவற்றின் ஆயுள் பாதி கழிந்திருக்கும். தேவைக்கு எடுத்துவிட்டு உடனே மூடி வைக்க வேண்டும், கட்டின் மேல் பிரித்த தேதியை எழுத வேண்டும்.

ஸ்பாஞ்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெட்டிகளில் வரும் மென்மையான ஸ்பாஞ்ச் பெரும்பாலும் பாலியூரித்தேன். அது ஈரத்திலும் வெளிச்சத்திலும் சில ஆண்டுகளில் மஞ்சளாகி, விரலால் அழுத்தினால் பொடியாக உதிரும். சில வகைகள் ஒட்டும் பசை போலாகிவிடும். பாலித்தீன் ஃபோம் சற்று விறைப்பாக இருந்தாலும் நெடுநாள் தாங்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று பாலியூரித்தேன் ஸ்பாஞ்சை மூன்றாண்டுத் தேவைக்கு வாங்கிக் குவிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை, சூத்திரம் என்ன சொன்னாலும்.

முத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளிக்கு நல்லது முத்துக்கு நல்லதாக இருக்க வேண்டியதில்லை. சிலிக்கா ஜெல் தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழுக்கும். வெள்ளிப் பெட்டிக்கு அது சரி, ஆனால் முத்தைக் காற்றுப் புகாத பையில் சிலிக்கா ஜெல்லோடு நெடுநாள் அடைத்தால் அதன் மேலடுக்கு வறண்டு வெடிக்க வாய்ப்பு உண்டு. ஓபல் கல்லுக்கும் இது பொருந்தும், ஏனெனில் அதன் அமைப்பிலேயே நீர் இருக்கிறது. முத்து மென்மையானது என்பதால் மற்ற நகைகளோடு உராயாமல், அமிலமற்ற மென்தாளிலோ சாயம் போகாத மென்துணியிலோ தனியே வைத்து அனுப்புங்கள். உங்கள் எக்செல் அட்டவணையில் முத்து மாலை வரிசையில் சிலிக்கா ஜெல்லுக்கு எதிரே பூஜ்யம் இருக்க வேண்டும்.

பதில் – பார்சல்மேசை

பொருட்களைப் பற்றி இருவரும் விரிவாக எழுதிவிட்டதால், வெளிப்பெட்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கூரியர் நிறுவனங்கள் பல, உண்மை எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம் வாங்குகின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுத்தால் கிலோகிராமில் கன அளவு எடை கிடைக்கும் என்பது பரவலான முறை. சிலர் வேறு எண்ணால் வகுப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். 20 × 15 × 10 அளவுள்ள பெட்டி 600 கிராமாகக் கணக்காகும், உள்ளே ஒரே ஒரு மோதிரம் இருந்தாலும். அதையே 16 × 11 × 5 அளவுள்ள பெட்டியில் அடக்கினால் 176 கிராம். ஒருமுறை பெட்டியை வடிவமைக்கும்போது சில சென்டிமீட்டர் குறைப்பதால் கிடைக்கும் மிச்சம், பெட்டி விலையில் பேரம் பேசிக் குறைப்பதைவிடப் பெரிதாக இருக்கும்.

அதற்காக நகைக்கு ஒரு அளவு என்று வெளிப்பெட்டிகளைப் பெருக்கிவிடாதீர்கள். மூன்று அளவுகளுக்கு மேல் தேவைப்படும் சிறு நகைத் தொழிலை நான் பார்த்ததில்லை. மோதிரத்துக்கும் காதணிக்கும் ஒரே உள்பெட்டியை வைத்துக்கொண்டு, உள்ளே பொருத்தும் ஸ்பாஞ்சை மட்டும் மாற்றலாம். ஒரு பக்கம் பிளவும் மறுபக்கம் துளைகளும் கொண்ட ஸ்பாஞ்ச் என்றால், திருப்பிப் போட்டாலே இரண்டுக்கும் ஆகும். கணக்கில் இரண்டு வரிகள் குறையும். ஒட்டி முடித்த பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். சத்தம் வந்தால் பிரித்து மறுபடி அடைக்க வேண்டும்.

வெளிப்பெட்டியின் மேல் கடைப் பெயரோ, நகை என்று காட்டும் படமோ, சொல்லோ இருக்கக் கூடாது. அனுப்புநர் பெயரில் நகை என்ற சொல் இருந்தால் அதைச் சுருக்கி எழுதுங்கள். கூரியர், சுங்க ஆவணங்களில் மட்டும் பொருளின் உண்மையான விவரமும் மதிப்பும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தொலைந்தால் இழப்பீடு கேட்க முடியாது. அழகான அச்செல்லாம் உள்பெட்டியோடு நிற்கட்டும். வெளிப்பெட்டி அச்சில்லாததாக இருந்தால் அவசரத்துக்கு எங்கும் வாங்கிக்கொள்ளலாம் என்பது கூடுதல் வசதி.

மறுமொழி – புதுப்பட்டறை

மூவருக்கும் நன்றி. அட்டவணையைத் தயாரித்துவிட்டேன். என்னிடம் உள்ள பொருட்களைக் கொண்டு அனுப்பக்கூடிய வளையல்கள் வெறும் 22 என்று அது சொல்கிறது. அதே நேரத்தில் காதணி அட்டைகள் ஓராண்டுக்கு மேல் வரும் அளவுக்கு இருக்கின்றன.

இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. கறுப்புத் துணிப் பைகள் சில நூறு மீதமிருக்கின்றன. அவற்றைத் தூக்கிப் போடுவதைத் தவிர வேறு வழி உண்டா? கடைப் பெயர் அச்சிட்ட உள்பெட்டிக்கு விற்பனையாளர் சொல்லும் குறைந்தபட்ச எண்ணிக்கை, நீங்கள் சொன்ன சூத்திரத்தில் வரும் விடையைப் போல நான்கு மடங்கு. அச்சில்லாத பெட்டியில் அனுப்பினால் நகையின் மதிப்புக் குறைந்து தோன்றுமே என்ற தயக்கமும் இருக்கிறது.

பதில் – உலோகவேலை

முதலில் குப்பிச் சோதனையைச் செய்துவிடுங்கள். கறுப்பாக இருப்பதாலேயே குற்றவாளி என்று முடிவுகட்ட வேண்டாம், மலிவான வெல்வெட் பைகள் பல பருத்தியல்ல, பாலியெஸ்டரில் நெய்யப்பட்டவை. சோதனையில் தோற்றால், வெள்ளி அந்தத் துணியோடு நெடுநாள் தங்காதபடி பார்த்துக்கொள்ளலாம். நகையைக் கறுக்காமல் தடுக்கும் பட்டையோடு பாலித்தீன் ஜிப் பையில் மூடி இருப்பில் வைத்து, அனுப்பும் நாளில் அந்த ஜிப் பையோடே துணிப் பைக்குள் போடுங்கள். நகையை ஜிப் பையிலேயே சேமிக்கும்படி பராமரிப்பு அட்டையில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். துணிப் பை அப்போது வெறும் அலங்காரம். ஆனால் பாலித்தீன் வாயுவை முழுவதும் தடுக்காது, மெதுவாக்க மட்டுமே செய்யும். ஆகவே இது கையிலுள்ளவை தீரும் வரைக்கான ஏற்பாடு. உள்ளே வெள்ளி இருக்கும் முலாம் நகைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், ஏனென்றால் மெல்லிய முலாமின் நுண்துளைகள் வழியே அடியிலுள்ள உலோகம் கறுத்து மேலே தெரியும். கற்களோ கண்ணாடி மணிகளோ கோத்த, வெள்ளி கலக்காத நகைகள் உங்களிடம் இருந்தால் பைகளை அவற்றுக்கு ஒதுக்கிவிடுவது எளிது.

பதில் – இருப்புக்கணக்கர்

உலோகவேலை நண்பர் சொன்னது நியாயம். வைத்திருக்கும் செலவு என்பதில் பழுதாகும் இழப்பையும் சேர்த்தால் சூத்திரமே சிறிய எண்ணைத் தரும். ஸ்பாஞ்சுக்கும் கறுக்காமல் தடுக்கும் பட்டைக்கும் அப்படித்தான் போட வேண்டும். அட்டைப்பெட்டிக்கு அவ்வளவு கவலை தேவையில்லை. தரையில் வைக்காமல், சுவரை ஒட்டாமல், வெயில் படாத அலமாரியில் அடுக்கினால் ஆண்டுக்கணக்கில் இருக்கும். ஈரம் ஏறினால்தான் மூடி வளைந்து பூச்சியும் சேரும். டேப்பும் ஸ்டிக்கரும் அப்படியல்ல, வெப்பத்தில் அவற்றின் பசை கெடும், ஆகவே அவற்றைச் சில மாதத் தேவைக்கு மேல் வாங்காதீர்கள்.

நான்கு மடங்கு என்ற சிக்கலுக்கு விற்பனையாளரிடம் வேறு விதமாகப் பேசிப் பாருங்கள். முழு எண்ணிக்கைக்கும் ஒரே ஒப்பந்தம், ஒரே அச்சு. ஆனால் பெட்டிகளை நான்கு தவணைகளில் அனுப்ப வேண்டும், ஒவ்வொரு தவணைக்கும் அப்போது பணம் என்று கேளுங்கள். அவருக்கு அச்சு இயந்திரத்தை மீண்டும் மீண்டும் அமைக்கும் செலவு மிச்சம் என்பதால் பலர் ஒப்புக்கொள்வார்கள், சற்று முன்பணம் கேட்பார்கள். இடமும் முதலீடும் உங்கள் தலையில் விழாது. ஆனால் முகவரியோ, தொலைபேசி எண்ணோ, இணையதளப் பெயரோ பெட்டியில் அச்சாகக் கூடாது. அவை மாறினால் மீதமுள்ள மூன்று தவணைகளும் வீண். கடைப் பெயர் மட்டும் போதும், மற்றவை அட்டையில் இருக்கட்டும்.

அவர் மறுத்தால் நல்ல தரமான அச்சில்லாப் பெட்டியை வாங்கி, பெயர் அச்சிட்ட காகிதப் பட்டையைச் சுற்றி அனுப்புங்கள். தடித்த அட்டையும், மூடும்போது காற்றை மெல்ல விட்டு இறங்கும் மூடியும் கொண்ட பெட்டி, பொன்னெழுத்து அச்சிட்ட மெலிந்த பெட்டியைவிட மதிப்பாகத் தோன்றும் என்பது என் கருத்து. ஒரே பட்டை எல்லா அளவுக்கும் பொருந்தும்படி நீளமாக அச்சிட்டு, வேண்டிய இடத்தில் மடித்து ஒட்டிக்கொள்ளலாம். அட்டவணையிலும் அது ஒரே ஒரு வரி.

எந்த வழியில் போனாலும், பொன்னெழுத்துப் பதிக்கும் அச்சுக்கட்டைக்கும் அட்டை வெட்டும் டைக்கும் நீங்கள் தனியாகப் பணம் கொடுத்திருந்தால், அவை உங்கள் உடைமை என்றும் கேட்டால் திருப்பித் தரப்படும் என்றும் பில்லிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். விற்பனையாளரை மாற்ற நேரும்போது அவை கையில் இல்லையென்றால், புதிதாகச் செய்து மாதிரி பார்த்து ஒப்புதல் தரும் நாட்கள் அனைத்தும் மீண்டும் உங்கள் வந்து சேரும் காலத்தில் ஏறிவிடும். அப்போது 504 என்ற எண்ணும் போதாது.